டியூனிங் செய்த பிக்கப்பும் திம்பம் இறக்கமும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோபிசெட்டிபாளையத்தில் பந்தல், மைக்செட், ஜெனரேட்டர் வாடகைக்கு விடும் தொழில் செய்கிறேன். இருபத்திரண்டு வருசமாக இதே தொழில்தான். சத்தி ரோட்டில் கொஞ்ச நாளாக ஒரு போஸ்டர் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கிறது. டீசல் பிக்கப்புக்குப் பவர் கூட்டித் தருகிறார்களாம், மைலேஜும் கூடுமாம், அரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிடுமாம். இதே மாதிரி ஒரு விளம்பரத்தை நம்பிப் போனவன் நான். போன கதையையும் வந்த கதையையும் எழுதுகிறேன். நீளமாக இருந்தால் வெட்டிக்கொள்ளுங்கள், பிரேக்கைப் பற்றி எழுதியிருப்பதை மட்டும் வெட்டாதீர்கள்.

என்னுடையது 2.5 லிட்டர் டர்போ டீசல் பிக்கப். பவர் ஏறத்தாழ 75 குதிரை. தொட்டியில் ஸ்பீக்கர் பாக்ஸ், லைட் ஸ்டாண்டு, வயர்க்கட்டு எல்லாம் ஏற்றி, பின்னால் இரண்டு சக்கர டிராலியில் ஜெனரேட்டரைக் கோர்த்துக்கொண்டு போவோம். அந்தியூர், பவானி, பெருந்துறை என்று சமவெளியில் சுற்றுகிறவரைக்கும் வண்டியில் ஒரு குறையும் இல்லை. தாளவாடிப் பக்கம் கல்யாணமோ கோயில் விசேஷமோ வந்தால்தான் பாடு. பண்ணாரி அம்மன் கோயிலைத் தாண்டியதும் மலை ஆரம்பம். திம்பம் வரைக்கும் 27 கொண்டை ஊசி வளைவு. இரண்டாவது கியரில் முனகிக்கொண்டே ஏறும், சில வளைவில் முதல் கியர்தான். பின்னால் வருகிற பஸ்காரர் ஹாரன் அடித்தே நம் மானத்தை வாங்குவார்.

என் தங்கச்சி பையன்தான் இப்போது என்கூட ஓட்டுவதற்கு வருகிறான், மாப்பிள்ளை என்றுதான் அவனைக் கூப்பிடுவேன். செல்போனில் அமெரிக்காக்காரன் பிக்கப்பில் குதிரை ஏற்றிய டிராலியும் படகும் இழுத்துக்கொண்டு மலையேறுவதைக் காட்டி, "ஏனுங்க மாமா, அவன் வண்டி ஒரு வீட்டையே இழுக்குது, நம்ம வண்டி ஒத்த ஜெனரேட்டருக்கு இந்த மூச்சு வாங்குதே" என்றான். எனக்கும் உறைத்தது. கோவையில் ஒரு பட்டறைக்கு வண்டியை விட்டோம். ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கிற சாக்கெட்டில் லேப்டாப் வயரைச் சொருகினார்கள், டீ குடித்துவிட்டு வருவதற்குள் முடிந்துவிட்டது என்றார்கள். 18,000 ரூபாய்.

அவர்கள் செய்தது ஒன்றும் மாயமில்லை. அந்தக் காலத்தில் நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் லாரி மெக்கானிக்குகள் ஸ்க்ரூ டிரைவரை வைத்து டீசல் பம்பைத் திருகிக் கூட்டி விடுவார்களே, அதே வேலைதான். இப்போது கம்ப்யூட்டரில் நடக்கிறது. காமன் ரெயில் என்கிற டீசல் குழாயில் அழுத்தத்தைக் கூட்டுவது, டீசலைப் பீய்ச்சுகிற நாசில் திறந்திருக்கும் நேரத்தைக் கொஞ்சம் நீட்டுவது, டர்போ காற்றை இன்னும் அழுத்தித் தள்ள விடுவது. இதையே ஒரு சின்னப் பெட்டியாகவும் விற்கிறார்கள். ரெயிலில் அழுத்தம் குறைவாக இருக்கிறது என்று கம்ப்யூட்டரிடம் பொய் சொல்லும், அதுவும் நம்பிக்கொண்டு பம்பை இன்னும் தள்ள விடும், அவ்வளவுதான்.

வண்டி பறந்தது, உள்ளதைச் சொல்ல வேண்டுமல்லவா. அடுத்த வாரமே தாளவாடியில் ஒரு கல்யாணம். வழக்கமாக இரண்டாவதில் அழுதுகொண்டு ஏறுகிற இடத்தில் மூன்றாவது கியரில் ஏறினோம். பஸ்ஸையே முந்தினோம். மாப்பிள்ளை முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. வளைவுக்கு வளைவு பின்னால் கரும்புகை எழும்பியதைக் கண்ணாடியில் பார்த்தேன், அதையும் ஒரு பெருமையாகத்தான் நினைத்தேன்.

மறுநாள் மதியம் அதே லோடோடு திரும்பினோம். ஆசனூர் தாண்டி, திம்பத்தில் டீ குடித்துவிட்டு இறங்க ஆரம்பித்தோம். முன்பெல்லாம் இரண்டாவது கியரில் ஊர்ந்துதான் இறங்குவேன், ஏறிய கியரிலேயே இறங்கு என்பது டிரைவர்கள் சொல்லி வைத்த பாடம். அன்றைக்கு ஏறியது மூன்றில், அதனால் இறங்கியதும் மூன்றில். பாடத்தை அப்படியே கடைப்பிடித்த புத்திசாலி நான்! பாதி வளைவு தாண்டியிருப்போம், ஒரு வாடை வந்தது. ரப்பர் கருகின வாடையும் இல்லை, இரும்பு காய்ந்த வாடையும் இல்லை, இரண்டையும் சேர்த்து வாட்டின மாதிரி. முன்னால் போகிற லாரியாக இருக்கும் என்று நினைத்தேன். முன்னால் லாரியே இல்லை. அடுத்த வளைவுக்கு முன்னால் பிரேக்கை மிதித்தால் பஞ்சுத் தலையணையை மிதிக்கிற மாதிரி கால் பாட்டுக்கு உள்ளே போகிறது. இரண்டு தரம் மூன்று தரம் அடித்து மிதித்தால் லேசாகப் பிடிக்கிறது. பின்னால் ஜெனரேட்டர் டிராலி முதுகில் கை வைத்துத் தள்ளுகிற மாதிரி தள்ளுகிறது. இரண்டாவது கியருக்கு இழுத்தேன், எஞ்சின் அலறியது, அப்புறம் முதல் கியர், ஹேண்ட் பிரேக், இடது பக்கம் மலையோரச் சாக்கடைச் சுவரில் டயரை உரச விட்டு ஒரு வழியாக நின்றோம். மாப்பிள்ளை எதுவும் பேசவில்லை. கதவைத் திறந்து இறங்கியவன் அப்படியே ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டான்.

சாமராஜ்நகர் பக்கமிருந்து முட்டைக்கோஸ் ஏற்றி வந்த லாரி ஒன்று நின்றது. டிரைவர் வயசானவர், அவரே இறங்கி வந்து டிராலிக்கும் வண்டிக்கும் கட்டை போட்டார். எங்கள் பையன் ஒருத்தன் குடத்தை எடுத்துக்கொண்டு பின் சக்கரத்தில் தண்ணீர் ஊற்றப் போனான். "நீரு ஹாக்பேடா!" என்று கன்னடத்தில், தண்ணீர் ஊற்றாதே என்று ஒரு சத்தம் போட்டார் பாருங்கள், குடமே கீழே விழுந்துவிட்டது. காய்ந்த டிரம்மில் பச்சைத் தண்ணீர் பட்டால் விரிசல் விட்டுவிடும், தானாகத்தான் ஆற வேண்டும். ஒன்றரை மணி நேரம் ஆற விட்டோம். போகும்போது அவர் கேட்டது ஒரே கேள்வி, எந்த கியரில் இறங்கினாய் என்று. மூன்று என்றேன். என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

வீட்டுக்கு வந்து ப்ளஸ் டூ படிக்கிற மகளிடம் கதையைச் சொன்னேன். வண்டி, லோடு, டிராலி எல்லாம் சேர்த்து 4,200 கிலோ, எடை மேடையில் போட்ட சீட்டே இருக்கிறது. திம்பத்திலிருந்து பண்ணாரி வரைக்கும் இறக்கம் சுமார் 700 மீட்டர். இதை நோட்டில் பெருக்கிப் பார்த்துவிட்டு, "அப்பா, நூறு லிட்டர் பச்சைத் தண்ணியைக் கொதிக்க வைக்கிற சூடு இது" என்றாள். எங்கள் தொழிலில் நூறு லிட்டர் அண்டா என்றால் என்னவென்று தெரியும். கல்யாண வீட்டில் அதை அடுப்பில் ஏற்றிக் கொதிக்க வைக்க எத்தனை விறகு எரிகிறது! அவ்வளவு சூடும் அந்த நாலு சக்கரத்து பிரேக்கில்தான் இறங்கியாக வேண்டும், சின்ன கியரில் போட்டு எஞ்சினைப் பிடிக்க விட்டால் அதில் ஒரு பங்கை எஞ்சின் வாங்கிக்கொள்ளும். டீசல் எஞ்சின் அந்தப் பிடியிலும் கொஞ்சம் சுமார்தான். பெட்ரோல் வண்டியில் ஆக்சிலேட்டரை விட்டதும் காற்று போகும் வழி அடைபடும், எஞ்சின் இழுத்துப் பிடிக்கும். டீசலில் பெரும்பாலும் அந்த அடைப்பு வேலை கிடையாது. அதனால்தான் பஸ், லாரிகளில் புகை போகும் வழியை அடைத்து எஞ்சினைப் பிடிக்க வைக்கிற எக்ஸாஸ்ட் பிரேக்கைத் தனியாக வைக்கிறார்கள். நம் பிக்கப்பில் அது எங்கே இருக்கிறது?

மறுநாள் உள்ளூர் மெக்கானிக் பிரேக் ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்து காட்டினார். கருப்பட்டிக் காப்பி கலரில் இருந்தது. கடைசியாக எப்போது மாற்றியது என்று எனக்கே ஞாபகம் இல்லை. பிரேக் ஆயில் காற்றிலிருக்கிற ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், ஈரம் ஏற ஏற அது கொதிக்கிற சூடு இறங்கிக்கொண்டே வரும். டாட் 3 ஆயில் புதிதாக இருந்தால் குறைந்தது 205 டிகிரி வரை தாங்க வேண்டும், ஈரம் ஏறிவிட்டால் அந்த அளவு 140 ஆகிவிடும். டாட் 4 என்றால் 230, ஈரம் ஏறினால் 155. ஆயில் கொதித்தால் பைப்புக்குள் ஆவி. ஆயிலை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். என் கால் பஞ்சில் போனது அதனால்தான். லைனர் நான்கும் கண்ணாடி மாதிரி பளபளத்துக் கிடந்தன. இரண்டு வருசத்துக்கு ஒரு தரம் பிரேக் ஆயிலை மாற்ற ஆயிரம் ரூபாய்கூட ஆகாது. பதினெட்டாயிரத்தை எஞ்சினில் போட்டவன் இந்த ஆயிரத்தைப் போடவில்லை.

மாப்பிள்ளை காட்டிய அமெரிக்க வண்டிகளைப் பற்றி அப்புறம்தான் உட்கார்ந்து தேடிப் படித்தேன். 1989இல் டாட்ஜ் பிக்கப்பில் முதல் முதலாக 5.9 லிட்டர் கம்மின்ஸ் டீசல் எஞ்சினை வைத்தபோது அதன் பவர் 160 குதிரைதான். 2019இல் அதே வரிசையில் வந்த 6.7 லிட்டர் எஞ்சினின் டார்க், அதாவது சக்கரத்தைத் திருப்பி இழுக்கிற விசை, 1,356 நியூட்டன் மீட்டர். நம் வண்டியின் டார்க் 200 பக்கம், ஏழில் ஒரு பங்கு. பார்த்ததும் பொறாமையாகத்தான் இருந்தது. ஆனால் வீடியோவில் அவன் காட்டாத சங்கதி வேறு இருக்கிறது. அவன் டிராலிக்குத் தனி பிரேக் உண்டு, டிரைவர் கையெட்டுகிற இடத்தில் அதற்கு ஒரு கண்ட்ரோல் இருக்கும், டிராலியை மட்டும் பிடித்து நிறுத்தலாம். 2007இல் 6.7 லிட்டர் எஞ்சின் வந்ததிலிருந்து டர்போவே எக்ஸாஸ்ட் பிரேக் வேலையையும் பார்க்கிறது. அங்கே பல மாநிலங்களில் டிராலி 3,000 பவுண்டைத் தாண்டினால், அதாவது 1,360 கிலோ சொச்சம், பிரேக் இல்லாமல் ரோட்டில் இறக்கக் கூடாது. ஐரோப்பாவில் இன்னும் கறார், 750 கிலோவோடு சரி. ஒரு வண்டி எவ்வளவு இழுக்கும் என்று கம்பெனி சொல்வதற்குக்கூட அங்கே ஒரு பொது அளவுகோல் வைத்திருக்கிறார்கள். அரிசோனாவில் டேவிஸ் டாம் என்ற இடத்து நீண்ட ஏற்றத்தில், வெயிலில், ஏசியை முழுக்கப் போட்டுக்கொண்டு, குறிப்பிட்ட வேகம் குறையாமல் இழுத்து ஏறிக் காட்ட வேண்டும். என் ஆர்சி புக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். காலி எடை இருக்கிறது, லோடோடு சேர்ந்த மொத்த எடை இருக்கிறது. பின்னால் எவ்வளவு இழுக்கலாம் என்று ஒரு வார்த்தை இல்லை. என் டிராலி ஜெனரேட்டரோடு 1,600 கிலோ. பிரேக் பூஜ்யம்.

அந்த டிராலி லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். பழைய கார் அச்சை வாங்கி வெல்டிங் பட்டறையில் நானே நின்று அடிக்கச் சொன்னது. கொக்கியில் பின்னைப் போட்டு, அதற்கு மாட்ட வேண்டிய கிளிப் தொலைந்து போனதிலிருந்து கட்டுக்கம்பியைச் சுற்றி வைத்திருந்தேன். கட்டுக்கம்பி! அதை நம்பி 1,600 கிலோவை மலை மேலே கொண்டுபோய் இறக்கியிருக்கிறேன். செயினும் கிடையாது.

இப்போது நாமக்கல் பக்கம் டிரெய்லர் கட்டுகிற ஒரு பட்டறையில் சொல்லி தள்ளு பிரேக் போட்டிருக்கிறேன். முன்னால் வண்டி வேகம் குறைந்தால் டிராலி முன்னுக்குத் தள்ளும் அல்லவா, அந்தத் தள்ளிலேயே கொக்கித் தண்டு உள்ளே நகர்ந்து கேபிளை இழுக்கும், டிராலியின் இரண்டு டிரம்மும் பிடிக்கும். கரண்டு வேண்டாம், காற்று வேண்டாம். செலவு 38,000. நீண்ட இறக்கத்தில் அதுவும் சூடாகத்தான் செய்யும், அதை மட்டும் நம்பி வேகமாக இறங்க முடியாது. செயின் இரண்டு, கொக்கிக்குக் கீழே பெருக்கல் குறி மாதிரி குறுக்கே போக வேண்டும். கொக்கி கழன்றால் டிராலியின் முன்மூக்கு அந்தச் செயின் தொட்டிலில் விழும், ரோட்டில் குத்தாது.

அப்புறம் மூக்கு எடை. இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் அந்த டிரெய்லர் பட்டறைப் பெரியவர்தான், இருபத்திரண்டு வருசத்தில் ஒருத்தரும் சொன்னதில்லை. டிராலியின் மொத்த எடையில் பத்திலிருந்து பதினைந்து சதவீதம் கொக்கியில் அமர வேண்டும் என்றார். என் டிராலிக்கு 160 கிலோவாவது வர வேண்டும். எங்கள் ஊரில் மஞ்சள் மூட்டை நிறுக்கிற பிளாட்பாரத் தராசு ஒன்றை ஒரு மண்டிக்காரரிடம் இரவல் வாங்கி, டிராலியை மட்டமாக நிறுத்தி, மூக்கைத் தராசில் வைத்துப் பார்த்தோம். 45 கிலோ. மாப்பிள்ளை ஒற்றைக் கையால் தூக்குகிறான். நாங்களோ இத்தனை வருசமும் "மூக்கு லேசா இருந்தாத்தானே மாட்டறதுக்கு சுலுவு" என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தோம். ஜெனரேட்டரின் போல்ட்டைக் கழற்றி பத்து இன்ச் முன்னால் தள்ளி மறுபடி மாட்டினோம், தராசு 175 காட்டியது. செலவு எட்டு போல்ட்டும் அரை நாள் கூலியும். பிக்கப்பின் பின் கமான் பட்டைக்கு அந்த 175 கிலோ கூடுதல் சுமை என்பதால் தொட்டியில் இரண்டு ஸ்பீக்கர் பாக்ஸைக் குறைத்துக்கொண்டோம், பட்டையைக் கூட்டவில்லை.

இதனால் என்ன மாறியது என்பது ஆடியில் தெரிந்தது. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பது மற்ற ஊர்க்காரருக்குப் பழமொழி, பல்லடம், தாராபுரம், உடுமலைக்காரருக்கு நிஜம். பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் பாய்கிற காற்று அது, அதை நம்பித்தான் அங்கே காற்றாலை நட்டு வைத்திருக்கிறார்கள். போன வருசம் வரைக்கும் தாராபுரம் ரோட்டில் அறுபதைத் தாண்டினால் டிராலி நாய் வாலாட்டுகிற மாதிரி ஆடும், எதிரே முட்டை லாரி ஒன்று விர்ரென்று கடந்தால் போதும், வண்டியையே இழுத்துக்கொண்டு போகும். நான் என்ன செய்வேன், பயத்தில் பிரேக்கை அழுத்துவேன், ஆட்டம் இன்னும் கூடும். செய்ய வேண்டியது, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு ஆக்சிலேட்டரிலிருந்து மெல்லக் காலை எடுப்பது, வேகம் தானாக இறங்க விடுவது. இந்த வருசம் அதே ரோட்டில் அதே வேகத்தில் வால் ஆடவில்லை. எஞ்சினில் செலவு செய்த 18,000 கொடுக்காத நிம்மதியை எட்டு போல்ட் கொடுத்தது.

சரி, பவர் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். நாலாவது மாசம் கிளட்ச் நழுவ ஆரம்பித்தது, ஏற்றத்தில் எஞ்சின் மட்டும் கத்தும், வண்டி நகராது. கம்பெனி வைத்த கிளட்ச் பிளேட் கம்பெனி கொடுத்த டார்க்குக்குத்தானே அளவெடுத்தது. கரும்புகை ஏன் வருகிறது என்றும் அப்போதுதான் விசாரித்தேன். காற்று போதாமல் டீசல் அதிகம் போனால் எரியாத கரி வெளியே வரும், எக்ஸாஸ்ட் சூடும் ஏறும். டர்போவுக்கு முன்னால் ஒரு சூட்டு மீட்டர் வைத்து, நீண்ட ஏற்றத்தில் 700 டிகிரிக்கு மேல் நிலைத்து நிற்க விடக் கூடாது என்பது விவரம் தெரிந்தவர்கள் வைத்திருக்கும் கணக்கு. பிஸ்டன் அலுமினியக் கலவை, சுத்த அலுமினியமே 660 டிகிரியில் உருகிவிடும். மீட்டர் இல்லாமல் டியூனிங் செய்த வண்டியில் லோடு இழுப்பது, அடுப்பில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் விறகைத் தள்ளிக்கொண்டே இருக்கிற மாதிரிதான்.

கம்ப்யூட்டரில் கம்பெனி வைத்திருந்த பழைய மேப்பையே, அதாவது பழைய செட்டிங்கையே, திரும்பப் போடச் சொல்லிவிட்டேன். அதன்பிறகு நடந்ததுதான் வேடிக்கை. கிளட்ச் வேலைக்கு விட்ட இடத்தில் மெக்கானிக் பையன் டர்போ காற்றைக் குளிர வைக்கிற இன்டர்கூலரின் ஹோஸைத் தடவிப் பார்த்து ஒரு வெடிப்பைக் காட்டினான், டர்போ தள்ளுகிற காற்றில் பாதி அந்த வெடிப்பில் புஸ்ஸென்று போய்க்கொண்டிருந்திருக்கிறது. ஏர் ஃபில்டரைத் தட்டினால் தேங்காய் நார்த் தூசியும் செம்மண்ணும் படியில் அளக்கலாம். காங்கயம், வெள்ளகோவில் பக்கம் நார் மில் ஓரமாக வண்டியை நிறுத்தி வைக்கிறவர்களுக்கு இது தெரியும். இரண்டையும் மாற்றிய பிறகு, ஒரு டியூனிங்கும் இல்லாமல், திம்பத்தில் பழைய திணறலில் பாதி இல்லை. கம்பெனி கொடுத்த 75 குதிரையில் எத்தனை குதிரை இத்தனை நாள் லாயத்திலேயே நின்றதோ! அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் குதிரை வாங்குகிறவன் பல்லைப் பிடித்துப் பார்த்து, குளம்பைத் தட்டிப் பார்த்துத்தான் விலை பேசுகிறான். நாம் எஞ்சின் குதிரையைப் பார்க்காமலே கூடுதல் குதிரைக்குக் காசு கட்டுகிறோம்.

பவர் கூட்டவே கூடாது என்று சொல்ல வரவில்லை. நிஜமாகவே தினமும் மலையில் இழுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு என் யோசனை, முதலில் எடை மேடைச் சீட்டு, அடுத்து பிரேக், டிராலி, டயர், அதற்கப்புறம் காற்று ஒழுகல், ஃபில்டர், நாசில். இத்தனையும் முடிந்தும் போதவில்லை என்றால் சின்ன வண்டியை முறுக்குவதைவிடப் பெரிய வண்டிக்குப் போய்விடுவது லாபம். 2022இல் இங்கே வந்த டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப்பில் 2.8 லிட்டர் எஞ்சின் 204 குதிரை கொடுக்கிறது. அந்த விலைக்கு நான் இரண்டு பிக்கப் வாங்குவேன் என்பது வேறு விசயம்.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அதே வருசம் வந்த திருத்தத்தில் 182ஏ பிரிவில், மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாசம் வரை சிறை என்று வண்டி உரிமையாளருக்கே போட்டிருக்கிறார்கள். 2020 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த பிஎஸ்6 வண்டிகளில் புகை வடிகட்டியையே கழற்றித் தருகிறோம் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள், அதைப் பற்றி நான் எதுவும் எழுதப் போவதில்லை, அந்தப் புகையை முதலில் சுவாசிக்கிறது அந்த வண்டியின் பின்னால் டூவீலரில் வருகிற பள்ளிக்கூடப் பிள்ளைகள். விபத்து என்று ஒன்று ஆகி இன்சூரன்ஸ்காரர் வந்து வண்டியைத் திறந்து பார்த்தால் என்ன ஆகும் என்பதையும் ஒவ்வொருத்தரும் யோசித்துக்கொள்ளட்டும்.

அதிகாரிகளுக்கு ஒரு வேண்டுகோள். என் வண்டிக்கு எட்டு வருசம் தாண்டிவிட்டதால் வருசா வருசம் எஃப்சி, அதாவது வண்டித் தகுதிச் சான்று, எடுக்கிறேன். ஹெட்லைட், ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர், பெயிண்ட் எல்லாம் பார்க்கிறார்கள், நல்லது. ஒரு வருசம்கூட நான் டிராலியோடு போனதில்லை, டிராலி எங்கே என்று ஒருத்தரும் கேட்டதுமில்லை. டிராலிக்கும் தனியாக ரிஜிஸ்டர் நம்பர் வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது, ஆனால் நம் ரோட்டில் ஓடுகிற ஜெனரேட்டர் டிராலி, கலவை மெஷின், கம்ப்ரசர் இவற்றில் எத்தனைக்கு நம்பர் இருக்கிறது, எத்தனைக்குப் பின் லைட் எரிகிறது? இதற்குப் பழைய டிராலி வைத்திருக்கிற எங்களைப் போன்றவர்களிடம் ஒரேயடியாக அபராதம் போட வேண்டாம். ஆறு மாசம் தவணை கொடுத்து, கொக்கி, செயின், பின் லைட், பிரேக் நாலையும் சரிசெய்து காட்டச் சொன்னால் நாங்களே கொண்டுவந்து காட்டுவோம். இழுவை வண்டியை எஃப்சிக்குக் கொண்டுவருகிறவன் டிராலியையும் கோர்த்துக்கொண்டுதான் வர வேண்டும் என்று பிரேக் இன்ஸ்பெக்டர் ஒரு வார்த்தை சொன்னால் பாதி வேலை முடிந்தது.

டியூனிங் பட்டறைக்காரர்மேல் எனக்குக் கோபம் இல்லை, கேட்டதைச் செய்தார், திரும்ப மாற்றச் சொன்னபோது காசும் வாங்கவில்லை. ஆனால் வண்டியை விட்ட அன்றைக்கு, பின்னால் என்ன இழுக்கிறீர்கள் என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் அன்றைக்கே எல்லாம் வெளியே வந்திருக்கும்.

போன வாரம் அந்த சத்தி ரோட்டுப் போஸ்டரில் இருந்த நம்பருக்கு நானே போன் போட்டேன். "ஜெனரேட்டர் டிராலி இழுக்கற வண்டிங்க தம்பி, பவர் கூட்டறதோட பிரேக்கும் பார்த்துக் குடுப்பீங்களா?" என்று கேட்டேன்.

"அதுக்கு வேற பட்டறைக்குத்தானுங்கண்ணா போகோணும்" என்றார்.

இப்படிக்கு,
ஜெனரேட்டர் வாடகைக்கு விடும் ஒரு வாசகர்,
கோபிசெட்டிபாளையம்.